‘இரத்தம் காணாதாம்’

பின்னேரம் ஐந்து மணியளவில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்த ஆச்சி, மடியில் வைத்திருந்த பொலித்தீன் பையிலிருந்து மூன்று பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: மூலைகள் மடிந்துபோன கிளினிக் கொப்பி, பழைய குருதிப் பரிசோதனை அறிக்கைகளின் கட்டு, முக்கால்வாசி முடிந்திருந்த இரும்புச்சத்துப் பாணிப் போத்தல். “பிள்ளை, இவளுக்கு ரத்தம் காணாதாம். மூண்டு மாசமாப் பாணி குடுக்கிறன், ஏறுதில்லை” என்றார். பிறகு படலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேத்தி எந்தக் கிளினிக்குக்குப் போகிறாள் என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். நோயின் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. கொப்பியில் எழுதியிருந்த குளிசைகளின் பெயர்களே எனக்குப் போதுமாக இருந்தன.

இதை எழுதுவதா என்று நெடுநாள் யோசித்தேன். எச்.ஐ.வியோடு வாழும் பிள்ளைகள் இலங்கையில் மிகச் சிலரே. குறிச்சியையும் ஒழுங்கையையும் வைத்தே ஆளை அடையாளம் காணும் யாழ்ப்பாணத்தில், வயதையும் பாடசாலையையும் சொன்னால் மீதியை ஊர் தானே கண்டுபிடித்துவிடும். ஆகவே இங்கே வரும் ஆச்சியும் பேத்தியும் ஒரே குடும்பத்தவர் அல்லர். ஆய்வுகூடத்தில் கழித்த முப்பது ஆண்டுகளிலும், ஓய்வு பெற்ற பின் மாலை வேளைகளில் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் உதவியபோதும் நான் கண்ட சிலரை ஒருவராக்கியிருக்கிறேன். எண்களையும் மாற்றியிருக்கிறேன், அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை மாற்றவில்லை. நான் மருத்துவர் அல்லேன், குருதியை எண்ணிப் பிழைத்தவள். இந்தக் கட்டுரையில் உள்ளதும் அந்த இருக்கையிலிருந்து பார்த்ததுதான்.

எனக்கு ஈமோகுளோபின் பார்க்கக் கற்றுத் தந்தது சாலி முறையில். 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் அடியிலுள்ள ஆடியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்தே குருதிப் பூச்சுகளைப் பார்ப்போம். விரல் நுனியிலிருந்து உறிஞ்சிய 20 மைக்கிரோலீற்றர் குருதியை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் விட்டு, அது கபில நிறமானதும், பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துவரும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, எந்தக் கோட்டில் நிற்கிறதென்று வாசிக்க வேண்டும். ஒரே குழாயை இருவர் வாசித்தால் இரண்டு விடை வரும். அன்று வேறெதுவும் கிடைக்காததால் அந்த ஒற்றை எண்ணை வைத்தே எல்லாரும் காலம் தள்ளினார்கள். இன்று இயந்திரம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய இருபது எண்களை அச்சிட்டுத் தருகிறது; ஆனாலும் ஈமோகுளோபின் என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. ஆச்சி கொண்டுவந்த பாணியும் அவ்வாறு மடித்து வைக்கப்பட்ட ஒரு தாளின் விளைவுதான். எழுதிக் கொடுத்தவர் யாரென்பது இங்கே தேவையில்லை, அவருக்கு எச்.ஐ.வி விடயமும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

பேத்திக்கு ஒன்பது வயது. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 8.6 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட எல்லைகளின்படி, ஐந்து முதல் பதினொரு வயதுவரையான பிள்ளைகளுக்கு 11.5இற்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. 8இற்குக் கீழே போனால் கடுமையானது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது நிறையும்வரை எல்லை 10.5 என்றும், அதன்பின் ஐந்து வயது நிறையும்வரை 11 என்றும் வைத்திருக்கிறார்கள். பேத்தி நடுத்தரத்தில், கடுமையின் ஓரத்தில் நின்றாள்.

‘இரத்தம் காணாது’ என்று நாம் சொல்லும்போது, கிணற்றில் தண்ணீர் வற்றியது போலவும், வேண்டியதை ஊற்றினால் நிறைந்துவிடும் என்பது போலவும் ஓர் எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. செங்குழியம் ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகிறது. அது உருவாவதில் குறைவு வரலாம், வெளியே கசிந்து போகலாம், காலத்துக்கு முன்பே உடையலாம். எச்.ஐ.வியோடு வாழும் பிள்ளையில் இந்த மூன்றும் சேர்ந்து வரக்கூடும் என்றாலும், பெரும்பாலும் பிசகுவது முதலாவது, அதாவது குழியங்கள் பிறக்கும் என்பு மச்சையின் உற்பத்தி. அந்த உற்பத்தியைக் குலைப்பவற்றில் இரும்புக் குறைபாடும் ஒன்று. ஆனால் அது ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் பல பிள்ளைகளில் பிழையாகிப்போகும்.

கட்டை அவிழ்த்து அறிக்கைகளைத் திகதி வாரியாக அடுக்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய தாளில் ஈமோகுளோபின் 11.2, செங்குழியங்களின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி 108. புதிய தாளில் எம்.சி.வி 88, அதாவது முற்றிலும் வழமையான எண். யாரோ அதன் பக்கத்தில் பேனையால் சரி அடையாளமும் போட்டிருந்தார்கள். எனக்கோ அந்த 88தான் முழுத் தாளிலும் மிகவும் உறுத்திய எண்ணாக இருந்தது.

காரணம், பேத்தியின் குளிசைகளில் ஒன்றாகிய சிடோவுடின். எச்.ஐ.விக்கு எதிராக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுதான்; 1987 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இலங்கையர் ஒருவரில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் அறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். டி.என்.ஏயின் கட்டைகளில் ஒன்றாகிய தைமிடினைப் போலத் தோற்றம் காட்டி, வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது இடையில் நுழைந்து சங்கிலியை அறுப்பது சிடோவுடினின் வேலை. இரவு பகலாகப் பிரிந்துகொண்டிருக்கும் என்பு மச்சைக் கலங்களுக்கும் அதனால் இடைஞ்சல் உண்டு. செங்குழியமாகப் போகும் இளங்கலத்தின் கருப் பிரிவு தாமதமாகிறது, கலத்தின் உடலோ வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் வெளிவருவது எண்ணிக்கையில் குறைந்த, பருமனில் பெரிய குழியங்கள். சிடோவுடின் ஒழுங்காக எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சோகை வராமலே எம்.சி.வி ஏறும். வைரஸ் அளவைப் பார்க்க வசதியில்லாத இடங்களில், பிள்ளை குளிசையை உண்மையாகவே விழுங்குகிறதா என்று அறிய இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் இருந்தார்கள்.

எனவே 108ஆக இருந்தது 88ஆக இறங்கினால் இரண்டு வழிகளை யோசிக்க வேண்டும். ஒன்று, பிள்ளை குளிசையை விட்டுவிட்டாள். மற்றது, குளிசையை எடுக்கிறாள், ஆனால் இன்னொரு கோளாறு குழியங்களைச் சிறிதாக்குகிறது. பெரியவையும் சிறியவையும் கலந்ததில் சராசரி ‘வழமை’ என்று வந்து நிற்கிறது. நூறு யானையும் நூறு ஆடும் நிற்கும் பட்டியில் சராசரி எடுத்தால் மாடு என்றுதான் வரும், மாடு ஒன்றுகூட அங்கே இல்லாவிட்டாலும். குழியங்களின் பருமன் எவ்வளவு தூரம் வேறுபடுகிறது என்பதைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ என்ற எண் அதே தாளில் 21 என்று அச்சாகியிருந்தது. வழமையில் அது 14, 15ஐத் தாண்டுவதில்லை. மறுநாள் பேத்தியைக் கூட்டிவரச் சொல்லி, குருதிப் பூச்சு ஒன்று எடுத்து நானே பார்த்தேன். ஒரே பார்வைப் புலத்தில், நடுவில் வெளிறிய வளையம் போன்ற சின்னஞ்சிறு குழியங்களும், அவற்றை அமுக்கிவிடுவன போன்ற பெரிய நீள்வட்டக் குழியங்களும் அக்கம்பக்கமாகக் கிடந்தன. பென்சில் போல நீண்டவையும் சில. இரும்புக் குறைபாட்டுக்கு அதைவிடத் தெளிவான படத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அன்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஆச்சி வேறொன்றையும் சொன்னார், முறைப்பாடாக. சுளகில் அரிசி பிடைக்கும்போது பேத்தி அள்ளி அள்ளிப் பச்சையாகச் சப்புகிறாளாம். உணவல்லாதவற்றின் மீதும், பச்சையரிசி, மண், சோக்கு ஆகியவற்றின் மீதும் வரும் அந்த ஆசையை இரும்புக் குறைபாட்டோடு சேர்த்தே மருத்துவர்கள் பார்ப்பார்கள். நமது வீடுகளில் அதைப் பிள்ளையின் குழப்படி என்று எண்ணிக் கையில் தட்டுவதே வழக்கம்.

“பாணியை எப்பிடிக் குடுக்கிறனீங்கள், ஆச்சி?”

“காலமை தேத்தண்ணியோட. வெறுமனக் குடுத்தா, கைக்குதெண்டு துப்பிப்போடுவாள்.”

மூன்று மாதம் ஏறாததற்கு அதுவே போதிய விளக்கம். தேயிலையிலுள்ள தனின், தாவர உணவிலும் மருந்திலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. உணவோடு குடிக்கும் ஒரு கோப்பை தேநீர், உறிஞ்சப்படும் இரும்பின் அளவை அரைவாசிக்கும் கீழே கொண்டுபோய்விடும். பாணி எடுத்தால் மலம் கறுக்கும், அது இயல்பு. கறுத்ததைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று ஆச்சி நம்பியிருந்தார். உறிஞ்சப்படாத இரும்பும் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இந்தப் பிள்ளையில் விடை ஒப்பீட்டளவில் இலகுவாகக் கிடைத்தது. கிளினிக்கில் செய்த பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆகவே குளிசையைத் தவறவிட்டாள் என்ற ஐயம் நீங்கியது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி வழமை. அழற்சி இல்லாத பிள்ளையில் ஃபெரிட்டின் அவ்வளவு குறைந்தால் இரும்புக் களஞ்சியம் வெறுமையாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வைரஸ் அடங்காமல் இருந்திருந்தால் இதே பிள்ளையின் ஃபெரிட்டின் 40 என்றோ 60 என்றோ வந்து எங்களை ஏமாற்றியிருக்கக்கூடும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எச்.ஐ.வியோடு வாழும் பிள்ளைகளின் சோகையில் மிகவும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது இந்த இடம்தான்.

உடலில் தொற்று நீடித்திருக்கும்போது ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. குடற்சுவரிலும், பழைய செங்குழியங்களைத் தின்று இரும்பை மீட்கும் கலங்களிலும், இரும்பு வெளியே போகும் வாசல்கள் உண்டு. ஹெப்சிடின் அந்த வாசல்களைப் பூட்டிவிடுகிறது. பல கிருமிகளுக்கு இரும்பு தேவை என்பதால், அவற்றுக்கு எட்டாமல் அதை ஒளித்துவைப்பது உடலின் பழைய தந்திரமாக இருக்கலாம். ஒரு வாரக் காய்ச்சலில் இது நன்மை. ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருக்கும் எச்.ஐ.வியில், களஞ்சியத்தில் இரும்பு இருந்தும் என்பு மச்சைக்குக் கிடைக்காத நிலை உண்டாகிறது. ஃபெரிட்டினோ அழற்சியில் தானாகவே ஏறும் புரதம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, தொற்று இல்லாதபோது 15 என்றும் இருக்கும்போது 70 என்றும் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது; ஐந்து வயதுக்குக் கீழே அவை 12, 30. பக்கத்தில் சி.ஆர்.பி இல்லாத ஃபெரிட்டின் அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றே எண்ணுவேன்.

இவ்வாறு பூட்டிய குடலுக்குள் பாணியை ஊற்றிக்கொண்டே போவதில் பயன் சிறிது. உலகில் எச்.ஐ.வியோடு வாழும் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளில் இருப்பதால், இதைப் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. மலாவியில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், எச்.ஐ.வியுள்ள சிறு பிள்ளைகளுக்கு மூன்று மாதம் இரும்பு கொடுத்தபோது சோகை குறைந்தது, ஆனால் மலேரியா கூடியது. இலங்கையில் மலேரியாவின் தொடர்ந்த உள்ளூர்ப் பரவல் 2012இல் நின்றுவிட்டது. 2016இல் நாடு மலேரியா அற்றது என்ற சான்றிதழையும் பெற்றது. ஆகவே அந்த ஆபத்தை அப்படியே இங்கே தூக்கி வைக்கத் தேவையில்லை. பிள்ளைக்குத் தேவையா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் இங்கும் பொருந்தும்.

அடங்காத வைரஸே சோகையின் மிகப் பெரிய காரணி என்று சொன்னால் மிகையாகாது. அது என்பு மச்சையின் சூழலையே கெடுக்கிறது, செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபோயட்டின் என்ற ஓமோனுக்கு மச்சை கொடுக்க வேண்டிய பதில் மந்தமாகிறது, சி.டி.4 என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை குறையக் குறையச் சோகையும் அடிக்கடி காணப்படுகிறது. ஒரு முரண் என்னவென்றால், மச்சையை நோகச் செய்யும் சிடோவுடினைக் கொண்ட சிகிச்சையில்கூட, தொடக்க வாரங்களின் இறக்கத்தைத் தாண்டிய பின் பல பிள்ளைகளின் ஈமோகுளோபின் ஏறுகிறது, வைரஸ் அடங்குவதால். 2015இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சி.டி.4 எண்ணிக்கைக்காகக் காத்திராமல் எல்லாருக்கும் உடனே சிகிச்சை தொடங்கச் சொல்கிறது. இப்போது சிறுவர்களுக்கு முதலில் தெரிவாவது அபாக்காவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சை. சிடோவுடின் பின்னுக்குப் போய்விட்டது. பழைய மருந்தில் நன்றாக இருந்த பிள்ளைகள் சிலர் அதிலேயே சில காலம் தொடர்ந்தார்கள், ஆச்சியின் பேத்தியைப் போல.

வயதும் ஒரு காரணிதான். குழந்தையின் இரும்புச் சேமிப்பில் பெரும்பகுதி கருப்பையில் கடைசி மூன்று மாதங்களில் சேர்கிறது. குறைமாதத்தில் அல்லது குறைந்த நிறையில் பிறந்தால், அல்லது தாய்க்கே சோகை இருந்தால், அந்தச் சேமிப்பு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். எச்.ஐ.வியுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, தொற்று வராமல் காக்கச் சிடோவுடின் கொடுக்கும்போது, தொற்றே இல்லாத குழந்தையிலும் சிலகாலம் ஈமோகுளோபின் இறங்குவதுண்டு. மருந்தை நிறுத்தியதும் அது மீளும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கை 2019 டிசெம்பரில் அங்கீகாரம் பெற்றது. கர்ப்பிணி கிளினிக்குகளில் எல்லாருக்கும் குருதி பார்த்ததன் பலன் அது. ஆய்வுகூடத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

காசநோயை இங்கே மறக்கக் கூடாது. நோயெதிர்ப்பு குறைந்த பிள்ளையில் இருமல் இல்லாமலே காசநோய் இருக்கலாம். நிறை ஏறாமையும் சோகையும் மட்டுமே வெளியே தெரியலாம். பார்வோவைரஸ் பி19 இன்னொன்று. சாதாரணப் பிள்ளையில் கன்னம் சிவக்கும் காய்ச்சலாக வந்து போகும் அது, எதிர்ப்பு குறைந்த பிள்ளையின் மச்சையில் தங்கிச் செங்குழிய உற்பத்தியை ஏறக்குறைய நிறுத்திவிடும். கொழுக்கிப் புழு குடலில் தொங்கிக் குருதியை உறிஞ்சும். தோட்ட மண்ணில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைக்குப் பூச்சிக் குளிசை கொடுப்பது அதனால்தான். தொற்றுகளைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமொக்ஸசோல், கலங்கள் பிரிவதற்கு வேண்டிய போலேற் என்ற விற்றமினின் பாதையில் குறுக்கிடுவதால் சில பிள்ளைகளில் மச்சையை மந்தமாக்கும். ஆனால் அதைக் கேள்விப்பட்டு யாரும் அந்தக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. சாம்பியாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வியுள்ள பிள்ளைகளின் இறப்பை அது 43 சதவீதம் குறைத்தது. சோகைக்குப் பயந்து அதை விடுவது நல்ல வியாபாரம் அல்ல.

உணவைப் பற்றி ஆச்சிக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் குரக்கன் புட்டும் அவர் வீட்டில் கிழமை தவறாமல் இருந்தன. ஆனால் இலையிலுள்ள இரும்பு மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். மீனிலும் இறைச்சியிலும் ஈரலிலும் உள்ளது அதைவிட நன்றாகச் சேரும். வறையில் தேசிக்காய்ப் புளி விடுவதும், பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் வைப்பதும், இலையின் இரும்பையும் சேர்க்க உதவும். அவர்கள் வீட்டில் மீன் குறைந்ததற்குக் காரணம் விலை. பிள்ளையின் நிறை குறைவென்று கிடைத்த திரிபோசாச் சத்துமாவும் ஐந்து வயதோடு நின்றுவிட்டது.

விலையைவிட ஒளிப்பு பெரிய தடையாக இருந்தது. அந்தக் கிளினிக்குக்குப் போகும் நாளில் பாடசாலைக்கு ஒரு காரணம், அயலுக்கு இன்னொரு காரணம். சோகைக்கென்று வேறிடத்தில் காட்டும்போது குளிசைகளின் பெயரைச் சொல்லாமல் விட்டார் ஆச்சி, கேட்டவரும் வற்புறுத்தவில்லை. சிடோவுடின் என்ற ஒரு சொல் அன்று அங்கே சொல்லப்பட்டிருந்தால், அந்த 88இன் பக்கத்தில் சரி அடையாளம் விழுந்திராது. இதற்காக ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கோப்பையில் தேத்தண்ணி குடிக்காமல் போனதைக் கண்டவர் அவர்.

கிளினிக்கின் மருத்துவர் மருந்தை மாற்றினார். சிடோவுடினுக்குப் பதில் அபாக்காவிர் வந்தது, கூடவே டொலுடெக்ராவிர்; இரும்புப் பாணியும் தொடர்ந்தது. இங்கே புதிதாக ஒரு கண்ணி இருக்கிறது. டொலுடெக்ராவிர் இரும்போடும் கல்சியத்தோடும் வயிற்றில் ஒட்டிக்கொண்டால் உடலில் சேராது. இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். இல்லாவிட்டால் இரும்புக்கு இரண்டு மணித்தியாலம் முன்போ, ஆறு மணித்தியாலம் பின்போ டொலுடெக்ராவிரை எடுக்க வேண்டும். சோகைக்குக் கொடுக்கும் பாணி, வைரஸை அடக்கும் குளிசையையே வீணாக்கிவிடக்கூடும் என்பதால், ஆச்சியும் நானும் மேசையில் இருந்து நேரம் போட்டோம். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வந்தவுடன், சோற்றுக்கு முன், தேசிக்காய்த் தண்ணீரோடு பாணி. இரவு எட்டரைக்குக் குளிசை. ரியூசனுக்கு நேரே போகும் நாளில் பாணியை விட்டுவிடலாம், குளிசையின் நேரத்தை மட்டும் அசைக்கக் கூடாது. மருத்துவரிடம் அடுத்த முறை காட்டி அதைச் சரியென்று ஆச்சி உறுதிப்படுத்திக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து வந்தபோது ஆச்சி சுவர்க் கலண்டரையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். பாணிக்குச் சிவப்புக் கோடு, குளிசைக்கு நீலக் கோடு. சிவப்பில் ஏழெட்டு நாள் வெறுமையாக இருந்தது. நீலத்தில் ஒன்றும் தவறவில்லை. ஈமோகுளோபின் 11.1. எல்லைக்கு இன்னும் கொஞ்சம் கீழே என்றும், எண் சரிவந்த பிறகும் களஞ்சியம் நிறைய இரண்டு மூன்று மாதம் பாணி தொடர வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அரிசி சப்புவது நின்றுவிட்டதாம்.

“அப்ப தேத்தண்ணி குடிக்கலாமோ எண்டு கேட்டுவரச் சொன்னவள்” என்றார் ஆச்சி, கலண்டரைச் சுருட்டிக்கொண்டு.

“சாப்பாட்டோடயும் பாணியோடயும் வேண்டாம். பின்னேரம் ரெண்டுக்கும் இடையில ஒண்டு குடிக்கட்டும்.”